ஃபோனை வைக்கிற வாரேன்

தம்பிதுரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது பெருந்துறைச் சுற்றுவட்டாரத்தில் கொப்பரைக் களம் வைத்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். வெயில் கூடினால் தேங்காய்ப் பருப்பு கருகுகிறது என்று கத்துவார். மேகம் மூடினால் வானத்தைப் பார்த்துக் கத்துவார். ஆனால் யாரைத் திட்டினாலும் மரியாதை குறையாது. "உங்களுக்கு மண்டையில ஒன்னுமே இல்லீங்களாங்க" என்று லாரிக்காரரைக் கேட்பார். திட்டு வாங்கியவர், திட்டினாரா விசாரித்தாரா என்று தெரியாமல் விழித்துக்கொண்டு போவார்.

அப்பேர்ப்பட்டவருக்கு இந்தத் தை மாதம் முழுக்கக் கோபம் ஒரே ஒரு வார்த்தையின் மேல்தான். 'வாரேன்' என்ற வார்த்தை. அதைச் சொன்னவன் அவருடைய மகன் சுரேந்தர்.

சுரேந்தர் பட்டாளத்துக்காரன். மழைக்காலத்தில் அவனை மணிப்பூர் மலைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே எல்லைக்கு அந்தப் பக்கத்து எதிரி என்று யாரும் இல்லை. ஒரே சந்தையில் காய்கறி வாங்கிய இரண்டு சனங்கள் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஒன்றையொன்று சுடுகின்றன. நடுவில் ஒரு மேட்டில் மணல்மூட்டை அடுக்கி, தகரக் கொட்டகை போட்டுப் பட்டாளத்தை உட்கார வைத்திருக்கிறார்கள். இன்டர்நெட்டை நிறுத்தியாயிற்று. பேசுவதற்கு மட்டும் சிக்னல் கிடைக்கும், அதுவும் சமையல் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிற ஒரு பாறைமேல் ஏறி நின்றால்தான். ஒருவன் பேசினால் அவன் பின்னால் நாலு பேர் கைகளைத் தேய்த்துக்கொண்டு நிற்பார்கள்.

மார்கழியில் ஒரு மத்தியானம் அந்தப் பாறையிலிருந்து ஃபோன் வந்தது. வந்த நேரம் சரியில்லை. களம் நிறையக் கொப்பரை காய்கிறது, திடீரென்று வடக்கே மேகம் கறுத்துவிட்டது, தம்பிதுரையும் களத்தில் வேலை செய்கிற சின்னத்தாயியும் மற்ற ஆட்களும் தார்ப்பாயை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். தார்ப்பாயின் மூலையை ஒரு கையிலும் ஃபோனை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு அவர் கத்தினார்.

"கண்ணு, தையில உந் தங்கச்சி மக மிதுளாளுக்குக் காது குத்தறாங்க. தாய்மாமன் நீதான் மடில வெச்சுக்கோணும். வாரயா?"

அந்தப் பக்கம் காற்று சீறியது. "...ப்பா... லீவு... சார்கிட்ட..." அப்புறம் தெளிவாக ஒரு சொல். "வாரேனுங்!"

அவ்வளவுதான், ஃபோன் அறுந்துவிட்டது. தம்பிதுரைக்கு அது போதுமானதாக இருந்தது. மழை வராமல் மேகம் கலைந்ததில் மனசும் குளிர்ந்துவிட்டது. உடனே துடியலூரில் கட்டிக்கொடுத்திருக்கிற மகள் லோகப்பிரியாவுக்குச் சொன்னார். சம்பந்தியம்மா நாச்சியம்மாளுக்குச் சொன்னார். பெருந்துறையில் டீக்கடை, உரக்கடை, சலூன் என்று போகிற இடமெல்லாம் சொன்னார். பத்திரிகை அடித்து ஒறம்பரை சொந்தபந்தத்துக்கெல்லாம் கொடுத்தாகிவிட்டது.

தை பிறந்து மறுபடி ஃபோன் வந்தபோது தம்பிதுரை காய்ந்த பருப்பைச் சிரட்டையிலிருந்து பெயர்க்கிற இடத்தில் நின்றிருந்தார்.

"ரயிலு எப்படா ஏறறே?"

"எங்கீங்கப்பா போறதுக்கு?"

"எங்கயா? காதுகுத்துக்குடா!"

"நா இன்னும் லீவே வாங்கலீங்களேப்பா."

"நீதான வாரேன்னு சொன்னே?"

"நா எப்பங்கப்பா சொன்னேன்?"

"தார்ப்பாய இழுக்கறப்பச் சொன்னே. இந்தக் காதுல கேட்டேன்."

 சுரேந்தர் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் சொன்னான்.

"ஐயோ அப்பா. அது வாரேங்கற வாரேன் இல்லீங்க. ஃபோனை வெக்கறப்பச் சொல்ற வாரேனுங்க. சார்கிட்ட லீவு கேக்கற நெலமையில்லீன்னு சொன்னேன். பின்னால நின்னவன் முதுகுல இடிச்சான். சேரி வாரேனுங்கன்னு சொல்லிப்போட்டு எறங்கீட்டேன்."

தம்பிதுரை தலையில் அடித்துக்கொண்டார். அவனைக் குற்றம் சொல்லவும் முடியாது. அந்த ஊரில் பிறந்த யாரும் விடைபெறும்போது 'போறேன்' என்று சொல்ல மாட்டார்கள். மீட்டர் ரீடிங் எடுக்க வருகிறவர்கூட 'வாரேனுங்க' என்றுதான் படி இறங்குவார். எழவு வீட்டில் மட்டும் எதுவும் சொல்லாமல் எழுந்து போவார்கள். 'போறேன்' என்ற சொல்லை வாயில் எடுத்தாலே, மாரியாத்தாள் தன் வாயில் அடித்துக்கொள்கிற ஜாதி. மாரியாத்தாள் என்றால் தம்பிதுரையின் சம்சாரம், சுரேந்தரின் அம்மா.

"ஊரையே கூட்டிப்போட்டன்டா. பத்திரிகையில உம் பேரு எத்தாப் பெருசாப் போட்டிருக்குது தெரீமா? இப்ப வந்து இது வேற வாரேங்கறே. உங்க சார்கிட்ட நாம் பேசட்டுமா?"

"அவர்கிட்டப் பேசி என்னாவுதுங்க? இங்க ஆளே இல்லீங்கப்பா. பாதிப்பேரு காய்ச்சல்ல படுத்துக்கெடக்கறாங்க. ராவெல்லாம் காவலுக்கு நின்னவனே விடிஞ்சும் நிக்கறான். காலைல டிரம்முத் தண்ணி மேல பனி கெட்டியாப் படிஞ்சு கெடக்குது. மக்குல இடிச்சு ஒடச்சுத்தான் மொகங் கழுவறோம்."

"சுடுதண்ணி வெச்சுக்கறதுதான?"

"வெறகு நனைஞ்சு கெடக்குதுங்க. மண்ணெண்ணெய் சோறாக்கறதுக்கே பத்தறதில்ல."

"உங்கம்மா ஒரு பாட்டலு தேங்காயெண்ணெ குடுத்துட்டாளே, மேலுக்குத் தேச்சுக்கறயா?"

"அது கல்லாக் கெடக்குதுங்க. ராத்திரிக்கு அக்குள்ள வெச்சுப் படுத்து எந்திரிச்சா ரெண்டு சொட்டு எறங்குது. அதைக் காலுக்குத் தடவிக்கறேன்."

"காலுக்கென்ன?"

"ஒன்னுமில்லீங்க."

"என்னன்னு கேக்கறனல்லோ."

"வெரலு செவந்து வீங்கிக்குச்சுங்க. எல்லாத்துக்கும்தான் அப்பிடி இருக்குது. பகல்ல மரத்துக் கெடக்கும், போர்வைக்குள்ள போனா தீயில வெச்சாப்பல எரியும். சாக்ஸு காயறதேயில்லீங்கப்பா. வெயிலுன்னு ஒன்னைக் கண்ணுல பாத்தே நாளாச்சு. நனைஞ்ச சாக்ஸை வயத்துமேல வெச்சுப் படுத்துக்கறோம்."

தம்பிதுரை சுற்றிலும் பார்த்தார். களம் முழுக்க வெயில். தரையில் கால் வைக்க முடியவில்லை. சின்னத்தாயி சேலைத்தலைப்பைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு பருப்பைப் புரட்டிவிடுகிறாள். சொந்தக் களத்தில் இத்தனை வெயில் கிடந்து, பெற்ற பிள்ளைக்கு ஒரு ஜோடி சாக்ஸ் காயவைக்கத் துப்பில்லையே என்று நினைத்தபோது அவருக்கு யார்மேல் என்று தெரியாத எரிச்சல் வந்தது.

"தின்னவாச்சும் தின்னயா?"

"உருளக்கெழங்குங்க."

"அதுக்கு முந்துன நாளு?"

"உருளக்கெழங்குதானுங்க. ரோட்டை மறிச்சுப்போட்டாங்க, காய்கறி லாரி மேல ஏறமாட்டேங்குது. அம்மா வெக்கற அரிசியும்பருப்புஞ் சோத்தை நெனச்சா அழுவாச்சியா வருதுங்கப்பா."

"ஆருடா மறிக்கறது? எந்தக் கட்சி?"

"அதேனுங்க கேக்கறீங்க. மேக்கால ஊர்க்காரங்க, நீங்க அவங்களுக்குக் காவலுங்கறாங்க. கெழக்கால ஊர்க்காரங்க, நீங்க இவங்களுக்குக் காவலுங்கறாங்க. போன வாரம் ஒரு பெரியம்மா எம்மேல கல்லெடுத்து எறிஞ்சுச்சு. மக்யாநாளு அதே பெரியம்மா பேரனுக்குக் காய்ச்சல்னு எங்க டாக்டர்கிட்ட மருந்துக்கு வந்து நிக்குது. நான்தான் மாத்திரைய வாங்கிக் குடுத்தேன். கல்லு பட்ட எடத்தைப் பாத்துட்டு அழுவுது. நா என்ன பண்டட்டும், சொல்லுங்க. எதுத்தாப்பல நிக்கறவன் எதிரின்னாச் சுட்டுப்போடலாம். இங்க எல்லாரும் நம்ம சனந்தானுங்களே."

 புரியாத விஷயம் எதுவானாலும் தம்பிதுரைக்குக் கோபம்தான் வரும்.

"அதெல்லாம் கெடக்கட்டும். இனிமேலு வெளக்கமாப் பேசிப் பழகு. வாரதுன்னா வாரேன்னு சொல்லு. இல்லாட்டி, இல்லீன்னு நேராச் சொல்லு. மிலிட்டிரிக்காரன்தான நீ? இப்பிடிக் குண்டக்கமண்டக்கப் பேசி என்னைச் சந்தி சிரிக்க வெச்சுப்போட்டயே."

"சேரிங்கப்பா. லீவுக்குக் கேட்டுப் பாக்கறனுங்க. பின்னால ஆளு நிக்கறாங்க." அவன் தயங்கினான். "வெக்கறேனுங்க."

ஃபோனை மடியில் செருகிக்கொண்டு திரும்பினால் மாரியாத்தாள் மோர்ச்சொம்போடு நிற்கிறாள்.

"என்னன்னு சொல்லி வெச்சானுங்க?"

"வெக்கறேன்னு சொல்லித்தான் வெச்சான். வேறென்ன சொல்லுவான்?"

"வாரேன்னு சொல்லலீங்களா?"

"நாந்தான் சொல்லவேண்டாம்னேன். இவன் வாரேன்னு சொல்லித்தான நான் ஊரெல்லாம் தமுக்கடிச்சேன்?"

"புள்ள எங்கயோ குளுர்ல கெடக்கறான், அவன் வாயிலிருந்து வார அந்த ஒரு சொல்லையும் புடுங்கிப்போட்டீங்களா? உங்களுக்குக் கிறுக்குத்தான் புடிச்சிருக்குது" என்று மாரியாத்தாள் சொம்பை 'ணங்'கென்று வைத்துவிட்டுப் போனாள். அவர் குடிக்காமலே களத்துக்குத் திரும்பினார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை நாச்சியம்மாள் லோகப்பிரியாவையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு துடியலூரிலிருந்து வந்து இறங்கினாள். நாச்சியம்மாள் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. தேனில் தோய்த்துத்தான் எதையும் சொல்லுவாள். அதற்கு அவள் நாலு வார்த்தை நேராகவே திட்டிவிடலாம் என்று தம்பிதுரை பலமுறை நினைத்திருக்கிறார்.

மாரியாத்தாள் அன்று சுரேந்தருக்கு அனுப்ப வெல்லமாவில் கச்சாயம் சுட்டுக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்துப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டே நாச்சியம்மாள் ஆரம்பித்தாள்.

"ஏனுங்ண்ணா, தம்பிக்கு லீவு கெடைக்காதாமா. லோகு சொல்லுச்சு."

"கேட்டிருக்கறானுங்க அம்மணி. கெடச்சுப்போடும்."

"எங்க பக்கத்தூட்டுப் பையன் துபாயில இருந்து வந்துட்டுப் போனானுங்க, தங்கச்சி புள்ள காதுகுத்துக்கு. மனசிருந்தா வந்தறலாம் போல."

"துபாயில சண்டையாங்க நடக்குது?"

"நாஞ் சும்மா சொன்னேனுங்ண்ணா. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. பட்டாளத்துல இப்பெல்லாம் ஈட்டரு, கம்பளி, முந்திரி, பாதாம்னு நல்லாத்தான் வெச்சிருக்கறாங்களாமா. டீவில காட்டுனாங்க."

தம்பிதுரைக்கு நாக்கு நுனி வரை வந்தது. பெண்ணைக் கொடுத்த இடம் என்று விழுங்கிக்கொண்டார்.

"ஒரு மாசந் தள்ளிப் போட்டுக்கலாங்களா அம்மணி?"

"மாசிக்கு எங்க மச்சாண்டார் அமெரிக்காவுக்குத் திரும்பிருவாருங்களே. அவரு இல்லாம எப்பிடி? எங்கூட்டுல தாய்மாமன் மடியில ஒக்காராமக் குத்துன காதே இல்லீங்ண்ணா, அதுக்குத்தான் பாக்கறேன். தம்பி வல்லீன்னாலும் போச்சாது, பரவால்லீங்க. லோகுக்குப் பெரியப்பன் பையன் சுப்பண்ணன் இருக்கறாரல்லோ, அவரு மடியில வெச்சுக் குத்திப்போடலாம்."

சமையலறையில் லோகப்பிரியா பாத்திரத்தைப் போட்ட சத்தம் கூடத்துக்குக் கேட்டது. தம்பிதுரை உள்ளே போனார். மகள் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஏனுங்கப்பா, கூடப் பொறந்தவன் கல்லாட்டம் உசுரோட இருக்கறப்ப, எம் புள்ளைக்கு மாமனைக் கடன் வாங்கோணுமா? என்னையப் பள்ளிக்கொடத்துக்குத் தூக்கிட்டுப் போனது சுப்பண்ணனா? அண்ணன் வரோணும். நீங்க என்னமோ பண்ணுங்க."

"நா என்னத்தக் கண்ணு பண்டறது? மணிப்பூருக்கு நடந்தா போவேன்? சொல்லு, நடக்கறேன்."

 மாரியாத்தாள் சட்டியிலிருந்த கச்சாயத்தைத் திருப்பிப் போட்டாள். அது கருகியிருந்தது.

காதுகுத்துக்கு முந்தின வாரம் சுரேந்தரே கூப்பிட்டான். குரலில் காற்று இல்லை.

"அப்பா, லீவு குடுத்துட்டாங்க! மலையிலிருந்து கீழ எறங்கீட்டேன். இங்கிருந்து கான்வாய்ல கூட்டிட்டுப் போயி விட்டுருவாங்க. அப்பறம் ஃபிளைட்டு. வாரேனுங்கப்பா."

தம்பிதுரை உஷாராகக் கேட்டார். "இது எந்த வாரேன்?"

சுரேந்தர் சிரித்தான். பல மாசமாக அவன் சிரித்து அவர் கேட்டதில்லை. "நெசமான வாரேனுங்கப்பா. ஃபோனை வெக்கற வாரேன் இல்லீங்க."

அன்றைக்குக் களத்தில் அவர் யாரையும் திட்டவில்லை. ஒடம்புக்கு ஏதாச்சும் சரியில்லையா என்று சின்னத்தாயியே கேட்டாள். மாரியாத்தாள் அரிசியும் பருப்பும் எடுத்து வைத்தாள். வெந்நீர் அடுப்புக்கு விறகு அடுக்கினாள். அவன் பழைய கைலியைத் துவைத்து வெயிலில் போட்டு, காய்ந்த பிறகும் எடுக்காமல் போட்டே வைத்திருந்தாள். அதற்கப்புறம் ஃபோன் வரவில்லை. கூப்பிட்டால் போகவும் இல்லை.

காதுகுத்து, மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயிலில். துடியலூரிலிருந்து உள்ளே போகிற சாலையில் வேப்பமரத்தடியில் சின்னக் கோயில். காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. கூட்டம் வந்துவிட்டது. மிதுளாளுக்கு மொட்டையடித்துச் சந்தனம் பூசியாயிற்று. வருகிறவர்களெல்லாம் தம்பிதுரையிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்.

"மாமன் வந்தாச்சுங்களா?"

"வந்துட்டே இருக்கறானுங்க" என்று முதலில் சொன்னார். அப்புறம் "வருவானுங்க" என்றார். அதற்கும் அப்புறம், கேட்டவர் பங்காளிதான் என்றாலும், "உங்களுக்கு வேற கேள்வியே தெரியாதுங்களா?" என்று கேட்டுவிட்டார். மாரியாத்தாள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

ஆசாரி ஊசியையும் தோட்டையும் தட்டில் வைத்துக்கொண்டு இரண்டு தடவை தொண்டையைக் கனைத்தார். நாச்சியம்மாள் தேனாய் வந்தாள்.

"ஏனுங்ண்ணா, நேரந் தப்பீரும். சுப்பண்ணா, நீங்க அப்பிடி மணையில ஒக்காருங்க. கொழந்தையக் குடு லோகு."

லோகப்பிரியா பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். சுப்பண்ணன் பாவம், கூப்பிட்டதற்காக வந்தவர், உட்காருவதா நிற்பதா என்று தெரியாமல் பாதி குனிந்தபடி நின்றார். கடைசியில் நாச்சியம்மாளே பிள்ளையை வாங்கி அவர் மடியில் வைத்தாள். பிள்ளை அவர் மீசையைப் பார்த்து வீறிட்டது. மேளக்காரர் அடிக்க ஆரம்பித்தார்.

அப்போதுதான் தம்பிதுரையின் மடியில் ஃபோன் அடித்தது.

"நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் மேளம் நின்றது. லோகப்பிரியா ஓடிவந்து ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"எங்கடா இருக்கறே? கோயமுத்தூரு வந்துட்டயா? பீளமேடு ஏர்போர்ட்டுலயா நிக்கறே?"

"இல்லீங்கப்பா." குரலில் மறுபடியும் காற்று. "கீழயே நிறுத்தி வெச்சுட்டாங்க. ரோட்டைத் தோண்டிப்போட்டாங்க, கான்வாய் போகலீங்க. நேத்து மேக்கால ஊரையே கொளுத்திப்போட்டாங்கப்பா. லீவெல்லாம் கேன்சலு. மறுக்கா மேல ஏறச் சொல்லீட்டாங்க. வண்டி உறுமீட்டு நிக்குது."

"அந்த மருந்து வாங்குன பெரியம்மா ஊரா?"

"ஆமாங்க."

 வேப்பமரத்தடியில் பிள்ளை இன்னும் அழுதுகொண்டிருந்தது.

"காலு எப்பிடிடா இருக்குது?"

"பூட்ஸுக்குள்ள போகமாட்டீங்குதுங்க. கயித்தை அவுத்துட்டு மாட்டியிருக்கறேன்." பிறகு அவசரமாகச் சொன்னான். "அது மிதுளாளுங்களா அழுவறது? லோகு, சுப்பண்ணன் மடில வெச்சுக் குத்திப்போடு சாமி. நேரந் தப்பப்படாது. நாஞ் சொன்னேன்னு வெச்சுக்க."

லோகப்பிரியா வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் யாரோ இந்தியில் சத்தம் போட்டுக் கூப்பிடுவது கேட்டது.

"சேரிங்கப்பா, கூப்படறாங்க. அம்மாகிட்டச் சொல்லீருங்க. வா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான். "இல்லீங்கப்பா. மறுக்கா நீங்க தப்பா எடுத்துக்குவீங்க. வெளக்கமாவே சொல்லீர்றேன். நான் போறேனுங்கப்பா."

ஃபோன் அறுந்தது.

மாரியாத்தாளின் கை அவள் வாயில் போய் அடித்தது. கூட்டத்தில் இருந்த பெண்கள் அத்தனை பேர் கையும் அவரவர் வாய்க்குப் போனது. தம்பிதுரை ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றார். அவர் சொல்லிக்கொடுத்ததுதான். தன் களத்து மேட்டில் நின்று, வெயில் காய்ந்துகொண்டு, அவர் வாயாலேயே சொல்லிக்கொடுத்தது. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டிருக்கிறான்.

ஆசாரி ஊசியை எடுக்கலாமா என்று பார்த்தார். நாச்சியம்மாள் விடுவிடுவென்று மணைக்கு வந்தாள். சுப்பண்ணன் மடியிலிருந்த பிள்ளையை வாரித் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். முதல்முறையாக அவள் குரலில் தேன் இல்லை.

"எடுத்து வையிங்க ஊசிய. எம் பேத்திக்கு மாமன் வந்து குத்தட்டும். அது எந்த வருசமானாலுஞ் சேரி. வாரானா இல்லையான்னு எங்கிட்ட ஒருத்தரும் கேக்கப்படாது."

தம்பிதுரை இதைக் கேட்டாரா என்று தெரியாது. அவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கோயில் மதிலோரம் வெயிலில் போய் நின்று, மகனின் எண்ணை அழுத்தினார். போகவில்லை. மறுபடி அழுத்தினார். ஒரு பெண்குரல் இந்தியில் ஏதோ சொன்னது, அதையே இங்கிலீஷில் சொன்னது, திரும்ப இந்தியில் ஆரம்பித்தது. அது பதிவு செய்த குரல் என்பது தம்பிதுரைக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அவர் அது முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு ஃபோனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு, கோபமே இல்லாமல் கேட்டார்.

"ஏனுங் அம்மணி, அவனை ஒருக்கா வாரேன்னு சொல்லச் சொல்லுங்க. எந்த வாரேனா இருந்தாலுஞ் சேரிங்க."